ஊரே கோபப்பட்ட பதினோரு நாள்

ஆள் குறைப்புச் செய்தி வெளியான மறுநாள் காலை, மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு அக்கா என்னை நிறுத்தினார். "தம்பி, எங்க வீட்டுல இருக்கிறது உங்க கம்பெனி ஃபிரிட்ஜ்தானே? இனிமே ரிப்பேர்னா யாரு வந்து பாப்பாங்க?"

அப்போது சுருக்கென்றது. பதில் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டேன். இப்போது நினைத்தால், அந்த இரண்டு வாரத்தில் என்னிடம் பேசியவர்களில் மனதில் இருந்ததை அப்படியே கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தில் பதினான்கு வருடம் ஃபிரிட்ஜ் லைனில் இருந்தேன். பெயர் வேண்டாம். கதவு பொருத்தும் இடத்தில் ஆரம்பித்து, குளிரூட்டும் வாயுவை நிரப்பும் கேஸ் சார்ஜிங், அது கசிகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட் என்று நகர்ந்து, கடைசியில் லைன் லீடர். சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொடுத்தது ஒரு தாளை வைத்துச் செய்யும் சோதனை. கதவின் ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி, தாளை இழுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு ஷிப்டில் நானூறு கதவு பார்த்த காலமும் உண்டு. 2023-ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஆலையில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை வேலையிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன்.

முன்கூட்டியே தெரியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியும். அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. கேன்டீன் வாசலில் ஒரு பலகை உண்டு, எந்த ஷிப்டுக்கு எத்தனை தட்டு என்று தினமும் சாக்பீஸில் எழுதுவார்கள். ஐந்து மாதமாக இரண்டாம் ஷிப்டின் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. முதலில் ஒப்பந்த ஆட்களைக் கூப்பிடுவது நின்றது. அப்புறம் ஓவர்டைம் நின்றது. கம்ப்ரசர் ஏற்றி வரும் லாரி தினமும் இரண்டு நடை வந்தது போய், இரண்டு நாளைக்கு ஒன்று என்றானது. முடிந்த பெட்டிகள் கிடங்கில் இடம் கொள்ளாமல் சைக்கிள் ஷெட் வரைக்கும் தார்ப்பாய் போர்த்தி நின்றன. எப்போது லீவு கேட்டாலும் முகம் சுளிக்கும் மேனேஜர், "பாக்கி லீவு இருந்தா இப்பவே எடுத்துக்கோங்கப்பா" என்று அன்பாகச் சொன்ன நாளன்றே நான் விழித்திருக்க வேண்டும்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. 2020, 2021-ல் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கண்டபடி விற்றன. ஒரு ஃபிரிட்ஜ் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். அன்று வாங்கியவர் அடுத்த வருடம் திரும்ப வரப்போவதில்லை. 2022-ல் பல நாடுகளில் வட்டி ஏறியது, வீடு வாங்குவதும் வீடு மாறுவதும் குறைந்தது. புது வீடு இல்லையென்றால் புது ஃபிரிட்ஜும் இல்லை. எங்களைப் போலவே வீட்டுப் பொருள் செய்யும் எலெக்ட்ரோலக்ஸ் 2023 அக்டோபரில் சுமார் 3,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வேர்ல்பூல் 2024-ல் அலுவலகப் பணியாளர்களில் சுமார் 1,000 பேரை. அதே வருடம் டைசன் பிரிட்டனில் ஏறத்தாழ 1,000 பேரை. எல்லா இடத்திலும் அறிவிப்பின் மொழி ஒன்றுதான்: 'மறுசீரமைப்பு'. எங்கள் லைனில் மறுசீரமைப்பு என்றால் மெஷினை ஒரு அடி நகர்த்தி வைப்பது.

அன்று காலை எங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் பயிற்சி அறைக்கு, இன்னொன்று கேன்டீனுக்கு. எந்தக் கூட்டத்தை வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி அறையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு கவர், அதன்மேல் ஒரு புதுப் பேனா. மார்க்கர் கேட்டால் பழைய மார்க்கரைக் கொண்டுவந்து காட்டச் சொல்லும் ஆலை அது. அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பேச்சு பன்னிரண்டு நிமிடம். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டீங்கன்னா பணம் சீக்கிரம் வந்துரும்" என்றார் ஹெச்ஆர் அதிகாரி. சின்னப் பெண். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. பாதிப் பேர் அங்கேயே போட்டுவிட்டார்கள். நான் எழுந்து, "வீட்டுல காட்டிட்டு நாளைக்குக் கொண்டு வரேன் மேடம்" என்றேன். வீரம் எல்லாம் இல்லை. கண்ணாடி லாக்கரில் இருந்தது, எழுத்து தெரியவில்லை. அந்த மறதிதான் என்னைக் காப்பாற்றியது.

வீட்டில் நானும் மனைவியும் வரிவரியாகப் படித்தோம். அவள்தான் முதலில் பிடித்தாள். "நீங்க சேர்ந்தது இந்தத் தேதி இல்லையே?" சேர்ந்த நாள் என்று போட்டிருந்தது நிரந்தரமான நாள். டிரெய்னியாக இருந்த இரண்டு வருடம் காணாமல் போயிருந்தது. இழப்பீடு வருடக் கணக்கில் என்பதால் அந்த இரண்டு வருடமும் பணம். அடுத்தது, 'சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு வரி. நாங்களாக விலகவில்லையே, நிறுவனம் அல்லவா எடுத்தது? பார்க்கச் சின்ன வார்த்தை மாதிரி இருக்கும். ஆனால் வேலை இழந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை தரும் நாடுகள் பலவற்றில், தானாக விலகியவருக்கு அது கிடைக்காது, அல்லது தள்ளிப் போகும். மூன்றாவது, மருத்துவக் காப்பீடு அன்று நள்ளிரவோடு முடிகிறது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். நான்காவது, இனி நிறுவனத்தின் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற உறுதிமொழி. இந்த நான்காவதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முதல் மூன்றைப் பற்றிப் பேசவே முடியாது.

ஆகவே உங்களுக்கு அப்படி ஒரு கவர் வந்தால், பேனாவைத் தொடாதீர்கள். வாங்கிக்கொண்டதற்கு மட்டும் தேதி போட்டு ஒப்பம் கொடுங்கள். படிக்க எத்தனை நாள் தருவீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சேர்ந்த தேதி, எடுக்காத லீவுக்கான பணம், பாக்கி ஓவர்டைம், விலகும் காரணமாக எழுதியிருக்கும் சொல், காப்பீடு முடியும் நாள் ஆகியவற்றைப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். கூடவே தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் இதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே வீட்டுக் கணினியில் சேர்த்து வையுங்கள். அடையாள அட்டை செல்லாமல் போன பிறகு கேட்டுப் பெறுவது பெரும்பாடு. ஆனால் சொந்தக் காகிதம் வேறு, கம்பெனிக் காகிதம் வேறு. எங்களில் ஒருவர் கோபத்தில் டிராயிங்குகளைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய செட்டில்மெண்ட் ஏழு மாதம் தொங்கியது.

இனி ஊர் சங்கதிக்கு வருகிறேன். செய்தி வெளியான அன்று மாலையே வாட்ஸ்அப் கொதித்தது. இந்தக் கம்பெனிப் பொருளை இனி யாரும் வாங்காதீர்கள் என்று ஒரு படம், என் அண்ணன் மகன் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. இன்னொரு பக்கம், "இத்தனை வருஷம் நல்ல சம்பளம் வாங்கினாங்கல்ல, சேத்து வெச்சிருக்க வேண்டியதுதானே" என்றார்கள். "ரோபோ வந்த பிறகு ஆள் எதுக்கு?" என்று ஒரு கட்சி. எங்கள் லைனில் ரோபோ இருந்தது, பெட்டி தூக்க. அதையும்தான் மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள், ஆர்டர் இல்லாமல். சித்தப்பா ஒருவர், "நான் அப்பவே சொன்னேன், அரசாங்க வேலைக்குப் போடான்னு" என்று தொடங்கினார். அவர் சொன்னது எனக்குப் பதினேழு வயதில்.

அந்தப் புறக்கணிப்புப் படத்தை யாருக்காவது அனுப்பலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கை அரித்தது. ஆனால் கேன்டீனுக்குப் போன கூட்டம் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறது. ஆர்டர் இன்னும் விழுந்தால் அடுத்த கவர் அவர்களுக்கு. அனுப்பவில்லை. சரியா தப்பா என்று இன்றும் எனக்கு உறுதியாகச் சொல்ல வராது. ஏனென்றால் ஊர்க் கோபம் வேலை செய்த இடமும் உண்டு.

ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரில் எலெக்ட்ரோலக்ஸுக்குச் சொந்தமான ஏஇஜி வாஷிங் மெஷின் ஆலை இருந்தது. அதை மூடப்போவதாக எலெக்ட்ரோலக்ஸ் 2005 டிசம்பரில் அறிவித்தது. சுமார் 1,700 பேர் வேலை. 2006 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தது. கடும் குளிர், தீமூட்டிய பீப்பாய்களைச் சுற்றி நின்றார்கள். ஊர் மக்கள் கூடவே நின்றார்கள், ஏஇஜி பொருளை வாங்காதே என்ற குரல் நாடு முழுக்கப் போனது, விற்பனையும் அடி வாங்கியது. ஆலை பிழைத்ததா? இல்லை, 2007-ல் மூடினார்கள். ஆனால் ஆட்கள் வெறுங்கையோடு போகவில்லை. பணியாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் 1.8 மாதச் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிரான்சில் அமியாங் நகரத்து வேர்ல்பூல் ஆலையின் கதை வேறு. துணி உலர்த்தும் மெஷின் செய்த இடம். 2017 ஜனவரியில் உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அது அதிபர் தேர்தல் வருடம். ஏப்ரல் 26 அன்று இரண்டு வேட்பாளர்களும், மக்ரோனும் லெ பென்னும், ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். லெ பென் தொழிலாளர்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார், மக்ரோனுக்கு விசில் சத்தமும் எரியும் டயரும் வரவேற்பு. நாட்டின் கேமராக்கள் எல்லாம் அந்த வாகன நிறுத்தத்தில் நின்றன. அடுத்த வருடம் உற்பத்தி நின்றது. அந்த இடத்தை எடுத்து நடத்த வந்த நிறுவனமும் 2019-ல் கவிழ்ந்தது. இதையெல்லாம் நான் வேலை போன பிறகு ராத்திரி தூக்கம் வராமல் படித்தது. ஏன் ஓரிடத்தில் கூட்டம் கைக்குக் காசாக மாறியது, இன்னோரிடத்தில் படமாக மட்டும் நின்றது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு எனக்கு வழி சொன்னவர் எங்கள் ஆலையில் பாயிலர் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மூன்றாம் நாள் பத்துப் பேர் அவர் வீட்டில் கூடினோம். நாங்கள் கோஷம் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் அட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கூட்டம் இருக்கும்போதே கேளுங்கடா. நாளைக்கு வேற செய்தி வந்துரும். ஆலையைத் திறன்னு கேட்டா, மேல கேட்டுச் சொல்றோம்பான். ஒரு வாரத்துல இங்க இருக்கிறவனே குடுக்கக்கூடியதைக் கேளுங்க" என்றார்.

ஒரே பக்கத்தில் நான்கு கோரிக்கை எழுதினோம். டிரெய்னி வருடங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 'விருப்பத்தின் பேரில்' என்ற வரியை எடுக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு ஆறு மாதம் நீள வேண்டும். திரும்ப ஆள் சேர்க்கும்போது எங்களுக்கு முன்னுரிமை வேண்டும். அந்த ஒரே பக்கத்தைத்தான் நிறுவனத்துக்கும் கொடுத்தோம், கேட்டு வந்த ஒவ்வொரு நிருபருக்கும் கொடுத்தோம், உள்ளூர் மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்திலும் கொடுத்தோம். யார் என்ன கேட்டாலும் பேச்சு அந்தப் பக்கத்துக்கே திரும்பி வர வேண்டும் என்று முடிவு. பேசுவது ஒருவர் மட்டும். அந்த ஒருவர் நான் இல்லை. ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

இரண்டாம் நாளே ஒரு நிருபர் என்னைப் பிடித்துவிட்டார். இருபது நிமிடம் பேசினேன். தேதி, தாள், கணக்கு எல்லாம் விளக்கினேன். வந்த செய்தியில் என் படத்துக்குக் கீழே 'கண்கலங்கினார்' என்று ஒரு சொல். நான் கலங்கவில்லை. லீக் டெஸ்ட் கணக்காக எல்லாவற்றையும் எண்ணில் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னது என் தப்பு. நிருபருக்கும் நேரம் இல்லை. கையில் ஒரு தாள் இருந்தால் அதிலிருந்து எடுப்பார், இல்லாவிட்டால் முகத்திலிருந்து எடுப்பார். அந்தப் படத்தைப் பார்த்து அழுதது என் அம்மாதான்.

ஒன்பதாம் நாள் நிறுவனம் கூப்பிட்டது. டிரெய்னி வருடங்களைச் சேர்த்தார்கள். அந்த வரியை மாற்றி 'பணியிடம் நீக்கப்பட்டதால்' என்று போட்டார்கள். காப்பீட்டுக்கு ஆறு மாதம் கேட்டோம், நான்கு கிடைத்தது. முன்னுரிமைக்கு 'பரிசீலிக்கப்படும்'. முதல் நாளே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் புதுத் தாள் தரச் சொல்லிப் போராடினோம், பாதிதான் நடந்தது. பதினோராம் நாள் இன்னொரு பெரிய செய்தி வந்து எங்களை மூடிவிட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு நிருபரை நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. முன்னுரிமை பற்றி அதன்பின் மூன்று கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்கியது. முதல் மாதம் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மூன்றாம் மாதம் கண்ணில் பட்டால் தெரு மாறினார்கள். கெட்டவர்கள் இல்லை, என்ன கேட்பது என்று தெரியாதவர்கள். 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்ற சொல்லை என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. எனக்குப் பயன்பட்டது வேறு. பழைய சூப்பர்வைசர் ஒருவர் எந்த விசாரிப்பும் இல்லாமல் ஒரு போன் நம்பரை அனுப்பினார்: 'குளிர்பதனக் கிடங்கு. ராத்திரி ஷிப்ட். கேஸ் தெரிஞ்ச ஆள் வேணும். என் பேரைச் சொல்லு.' வேலை போன நண்பர் உங்களுக்கு இருந்தால் இந்த மாதிரி நான்கு சொல் அனுப்புங்கள், மூன்றாம் மாதத்தில் அனுப்புங்கள்.

அந்த வேலை எனக்கு உடனே கிடைக்கவில்லை, என் பயோடேட்டாவால். 'லைன் லீடர், ஃபிரிட்ஜ் பிரிவு, பதினான்கு வருடம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். கிடங்கு மேனேஜர், "லைன்ல என்ன சார் பண்ணுவீங்க, நட்டு முடுக்குவீங்களா?" என்றார். அவமானமாக இருந்தாலும் நியாயமான கேள்வி. அன்று ராத்திரி உட்கார்ந்து, கை என்னென்ன செய்யும் என்று எழுதினேன். ஹீலியம் வைத்துக் கசிவு கண்டுபிடிக்கத் தெரியும். ஆர்600ஏ வாயுவைக் கிராம் கணக்கில் நிரப்பத் தெரியும். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. அதனால் காற்றோட்டம், நிலைமின்சாரம், தீப்பொறி இதிலெல்லாம் வருடா வருடம் பயிற்சி. முப்பது பேருக்கு ஷிப்ட் போடத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவரை இரண்டு வாரத்தில் தனியாக நிற்க வைக்கத் தெரியும். ஆலைக்குள் இதையெல்லாம் யாரும் திறமை என்று சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. இரண்டாம் முறை அந்தத் தாளோடு போனேன், அடுத்த திங்களே வரச் சொன்னார். சம்பளம் பழையதைவிடக் குறைவு.

கேன்டீன் கூட்டத்தில் தப்பித்த நண்பன் ஒருவன் ஆறு மாதம் என் போனை எடுக்கவே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அவனே வந்து, மூன்று பேர் வேலையைத் தனியாகப் பார்ப்பதாகவும், என் பெயர் திரையில் வந்தாலே கை கூசியதாகவும் சொன்னான். அவனை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. ஊர்க் கோபத்திலும் அவனுக்கு இடம் இல்லை, ஊர் இரக்கத்திலும் இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். ஃபிரிட்ஜில் குளிர்ச்சி போதவில்லை, சர்வீஸ் ஆள் இரண்டு நாள் கழித்துத்தான் வருவாராம், நான் வந்து பார்க்க முடியுமா என்று. போனேன். முதல் வேலையாகப் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படித்தேன். வரிசை எண்ணிலேயே வருடமும் வாரமும் இருக்கும், எங்களுக்குக் கண் மூடிச் சொல்ல வரும். பழைய பெட்டி இல்லை, மாற்றியிருக்கிறார். நாங்கள் வெளியே வந்து மூன்றாவது வாரம் செய்தது.

கதவு தொங்கியிருக்கும் என்று ஒரு சின்ன ஆசை எனக்கு, மறைப்பானேன். அக்காவிடம் ஒரு தாள் வாங்கி, மேல் மூலையில் வைத்து மூடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது. கீல் பக்கம், கீழ் மூலை, நடு என்று சுற்றி எட்டு இடத்தில் பார்த்தேன். ஓரிடத்திலும் தாள் வரவில்லை. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தார், பின்னால் விரல் கனத்துக்குத் தூசி. ஒரு சாண் முன்னால் இழுத்துத் துடைத்து விட்டேன்.

"எவ்வளவு தம்பி?" என்றார்.

"சும்மா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.